கினு உருவிய இரண்டு பலகைகள்

கினுவிடம் இரண்டு வெப்பமானிகள் இருந்தன. ஒன்று விவசாயச் சங்கம் கொடுத்தது. சும்மா கொடுத்த பொருள் என்பதால் அதன்மேல் நம்பிக்கை வராமல், டவுனுக்குப் போய்க் காசு கொடுத்து இன்னொன்று வாங்கினாள். இரண்டையும் ஒரே தண்ணீரில் முக்கிப் பார்த்தாள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாகியிருப்பார்கள். கினுவோ, இரண்டும் ஒரே தொழிற்சாலைச் சரக்காக இருக்கும் என்றாள்.

தகினோசாவா என்ற அந்தச் சின்ன ஊரில் எல்லாருக்கும் அவளைத் தெரியும். தோஃபு வண்டிக்காரன் அவள் வீட்டு வாசலில் மட்டும் கட்டியைத் தண்ணீரிலிருந்து எடுத்து நான்கு பக்கமும் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் பாத்திரத்தில் போடுவான். யாராவது வழக்கத்தைவிட இரண்டு விரல் அதிகமாகக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டால் போதும், இவனுக்கு என்ன வேண்டியிருக்கிறது என்று அன்று முழுவதும் மண்டையைக் குடைந்துகொண்டிருப்பாள். பக்கத்து வீட்டில் முள்ளங்கி ஊறுகாய் கொடுத்தால் முதல் துண்டைப் புருஷன் யோசோவுக்குத்தான் வைப்பாள். அவன் நல்லபடியாகச் சாப்பிட்டு எழுந்தபிறகு தான் எடுத்துக்கொள்வாள். முப்பத்தைந்து வருஷமாக யோசோவுக்கு இதில் புகார் ஏதும் இல்லை, ஊறுகாயில் பெரிய துண்டு அவனுக்கே கிடைத்தது.

சும்மா வந்த குணமில்லை அது. அவள் பிறந்தது 1934. அந்த வருஷக் கோடையில் கடல் மேகம் ஊர்மேல் வந்து உட்கார்ந்து, எழுந்து போகாமலே இருந்துவிட்டது. நாளைக்கு விலகிவிடும் என்று தினமும் யாராவது சொன்னார்கள். அவளுடைய அப்பாவும் தினமும் நம்பினார். இலையுதிர் காலத்தில் அறுக்கப் போனால் கதிரெல்லாம் மணியில்லாத சாவி. வீட்டில் பசி புகுந்தது. அவளுக்கு மூத்தவள் அந்தப் பனிக்காலத்தைத் தாண்டவில்லை. அம்மா பின்னாளில் இதைச் சொல்லும்போதெல்லாம் மேகத்தைத் திட்டமாட்டாள், நம்பிய மனுஷனைத்தான் திட்டுவாள். கினு அந்தத் திட்டைக் கேட்டு வளர்ந்தவள்.

அதனால் வானத்தை அவள் போலீஸ்காரன் பார்வை பார்ப்பாள். மேலே, வெகு உயரத்தில் தலைமுடி போல் இழையும் மேகம் அவளுக்கு ஒன்றும் செய்யாது. அது வெயிலை உள்ளே விடும், கொஞ்சம் சூட்டைப் பிடித்தும் வைக்கும். கீழே இறங்கி மலையின் இடுப்பில் கைபோட்டு நிற்கும் சாம்பல் நிறத் தடி மேகம்தான் விஷயம். பகலில் அது வெயிலைத் தட்டிப் பறித்துக்கொள்ளும். ராத்திரியிலோ அதே மேகம் பூமியின் மேல் போர்த்திய ரஜாய் மாதிரி, தரையின் சூடு மேலே போகாமல் அமுக்கிக்கொள்ளும். அதனால்தான் வசந்தத்தில் நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிற நாள்களில் அவரை நாற்றுக்கெல்லாம் பாய் போட்டு மூடுவாள். பகலில் திருடுகிறவன் ராத்திரியில் காவல் காக்கிறான், இவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று யோசோவிடம் ஒருமுறை கேட்டாள். யோசோ தேநீரை உறிஞ்சினான். அவன் எதற்குமே சட்டென்று பதில் சொல்லமாட்டான், அவளிடம் சொன்ன பதிலுக்கெல்லாம் ஆதாரம் காட்ட வேண்டும்.

சேதம் பார்க்கும் வேலைக்கு ஊர் அவளைத் தேர்ந்தெடுத்ததும் இந்தக் குணத்துக்காகத்தான். பயிர் கெட்டுப்போனால் காப்பீட்டுச் சங்கத்துக்காக வயல் வயலாக நடந்து, எவ்வளவு போயிற்று, குளிரால் போயிற்றா, பயிர் வைத்தவனின் கவனக்குறைவால் போயிற்றா என்று எழுத ஊர்க்காரர்களிலேயே மூன்று பேர் உண்டு. கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் ஈடு குறையும். அதைவிட, ஊரில் தலை குனியும். பத்து வருஷமாக அந்த மூவரில் கினு ஒருத்தி. அவளை ஏமாற்ற யாராலும் முடியாது என்பார்கள். அதைக் கேட்கும்போது மட்டும் அவளுக்குச் சந்தேகம் வராது.

1993-இல் மேகம் மறுபடி வந்தது. வடகிழக்கிலிருந்து யாமாசே வீசியது. கடலின் குளிரையெல்லாம் வாரிக்கொண்டு வரும் அந்தக் காற்று. ஜூலையில் பகல் பதினேழு டிகிரியைத் தாண்டவில்லை, வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பை மறுபடி எடுத்து வைத்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் வெயில் கொளுத்துகிறது, பிள்ளைகள் ஆற்றில் குதிக்கிறார்கள் என்று பஸ்காரன் வந்து சொல்லி எல்லாருடைய வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொண்டான்.

ஜூலைக் கடைசி வாரம் நெல் சூல் கட்டும் நேரம். கதிர் இன்னும் தண்டுக்குள்ளேதான் இருக்கும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். அந்தச் சில நாள்களில் குளிர் பட்டால் மகரந்தம் செத்துவிடும். பிறகு என்ன வெயில் அடித்தும் பிரயோஜனமில்லை. அதற்கு அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரிந்த ஒரே மருந்து தண்ணீர். வயலில் ஒரு சாண் தண்ணீர் நிறுத்திவிட்டால் சூல் தண்ணீருக்குள் மூழ்கி இருக்கும். காற்று என்ன குளிர்ந்தாலும் தண்ணீர் சட்டென்று குளிராது. ஆகவே அந்த வாரம் ஊரில் எல்லாருடைய உயிரும் மடைப்பலகையில் இருந்தது.

வாய்க்கால் ஓரமாக மேலே மத்சுயோவின் வயல், நடுவில் தொகுஜியின் வயல், கடைமடையில் கினுவின் வயல். வாய்க்காலிலிருந்து அவரவருக்குத் தனி வாய்மடை. அதோடு, தொகுஜியின் வயலில் மிஞ்சும் தண்ணீர் கினுவின் வயலுக்குள் வடிய ஒரு மடையும் உண்டு. அதில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு பலகைத் துண்டுகள். எத்தனை பலகையோ அத்தனை ஆழம்.

தொகுஜிக்கு அறுபத்திரண்டு வயது, மனைவி இல்லை, மகள் செந்தாய் நகரத்தில். எந்நேரமும் சிரித்த முகம், யாரையும் மரியாதையாகச் ‘சான்’ போட்டுத்தான் கூப்பிடுவான். கினுவுக்கு அதுதான் பிடிக்கவில்லை. பல் தெரிகிறதே தவிர மனசு தெரிகிறதா என்பாள். தேன் ஒழுகப் பேசுகிறவன் கையில் கொடுக்கு இருக்கும் என்பது அவளுடைய தீர்மானம்.

அந்த வாரம் அவள் காலையில் தன் வாய்மடையைத் திறந்து வைத்துவிட்டு வருவாள். நாள் முழுவதும் தண்ணீர் பாய்ந்தால்தான் ஆழம் நிற்கும் என்பது அவள் கணக்கு. மத்தியானம் போய்ப் பார்த்தால் மடை அடைத்திருக்கும். மறுபடி திறப்பாள். அடுத்த நாளும் அடைத்திருக்கும். மூன்றாம் நாள் பலகைக்குக் குறுக்கே ஒற்றை வைக்கோலைக் கட்டி வைத்தாள். மத்தியானம் வைக்கோல் அறுந்து கிடந்தது, மடை அடைத்திருந்தது. பக்கத்து வரப்பில் தொகுஜி நின்று கையசைத்தான்.

“கினு சான், மேகம் கொஞ்சம் மேல ஏறின மாதிரி இல்ல?”

“எனக்கு ஒண்ணும் தெரியலையே” என்றாள் அவள். வானத்தைப் பார்க்கவே இல்லை, அவன் கையில் சேறு இருக்கிறதா என்றுதான் பார்த்தாள். இருந்தது. விவசாயி கையில் சேறு இல்லாமல் சந்தனமா இருக்கும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

அன்றிலிருந்து நோட்டுப் புத்தகம் ஒன்று போட்டாள். என்றைக்காவது ஊர்க் கூட்டத்தில் அவனைக் கையும் களவுமாக நிறுத்த வேண்டும் என்பது எண்ணம். எத்தனை மணிக்கு மடை திறந்தது, எத்தனை மணிக்கு அடைத்திருந்தது, அவன் வயல் தண்ணீர் எத்தனை டிகிரி, தன்னுடையது எத்தனை, எல்லாம் பென்சிலால் எழுதினாள். இருபத்தெட்டாம் தேதி மாலை அவன் தண்ணீர் இருபத்தொன்று காட்டியது. அவளுடையது பதினெட்டு. இரண்டாவது வெப்பமானியும் அப்படியே சொன்னது. என் தண்ணீரைத் தடுத்துத் தன் வயலில் சுகமாகக் குளிர் காய்கிறான் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

அப்போதுதான் இருபது நாளாக நகராத மேகம் மேற்கே பிளந்தது. ஒரு கீற்று நீல வானம் தெரிந்தது, பிறகு இன்னும் கொஞ்சம். வீடுகளிலிருந்து ஜனங்கள் வெளியே வந்து நின்றார்கள். மத்சுயோ தன் வாசலிலிருந்து நாளைக்கு வெயில்தான் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். முதல் நட்சத்திரம் தெரிந்ததும் யாரோ கை தட்டினார்கள்.

கினு வரப்பில் உட்கார்ந்தாள். தொகுஜியின் வடிமடையிலிருந்து மேலிருந்த இரண்டு பலகைகளை உருவினாள். பலகையை எடுத்தால் அவன் வழக்கமாக வைக்கும் அதே கல்லின் மேல், அவன் வைக்கும் விதமாகவே சாய்த்து வைத்தாள். வெதுவெதுப்பான தண்ணீர் அவள் வயலுக்குள் சலசலவென்று இறங்கியது. என்னுடையதைத்தான் எடுத்துக்கொள்கிறேன், நாளைக்குத்தான் வெயில் வருகிறதே, அவனுக்கு என்ன நஷ்டம் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு, நோட்டில் அதையும் எழுதினாள். எழுதாமல் விடுவது அவள் வழக்கமில்லை.

ஐம்பத்தொன்பது வருஷ வாழ்க்கையில் கினு வானத்தை நம்பியது அந்த ஒரே ஒரு மாலை. அவரை நாற்றுக்குப் பாய் போட்டு மூடுகிறவள், நட்சத்திரத்தைப் பார்த்ததும் பயந்திருக்க வேண்டும். மேகம் விலகினால் ரஜாயை உருவின மாதிரி ராத்திரி குளிரும் என்று அவளுக்குத்தானே முதலில் தெரிந்திருக்க வேண்டும். கோபம் கண்ணை மறைத்துவிட்டது.

விடிகாலையில் கதவைத் திறந்தபோது மூச்சு புகையாக வந்தது. வெளியே மாட்டியிருந்த வெப்பமானி ஒன்பது காட்டியது. அவள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள். அவளுக்கு முன்பே தொகுஜி அங்கே நின்றுகொண்டிருந்தான். அவன் வயலில் நான்கு விரல் தண்ணீர்தான் இருந்தது. கல்லின் மேலிருந்த பலகைகளையும் தன் கைகளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்து, வழக்கமான சிரிப்பு இல்லாமல் சொன்னான்.

“நான் போட்டேன்னுதான் நெனச்சேன், கினு சான். போடாம போயிட்டேன் போல.”

 கினு மாற்றிப் போட்ட செருப்போடு வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள். அவன் பலகைகளைப் போட்டு வாய்மடையைத் திறந்துவிட்டான். ஆனால் குளிர் பட்டது பட்டதுதான். வெயிலும் வரவில்லை, மத்தியானத்துக்குள் மேகம் திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

இரண்டு நாள் கழித்து, மறந்துவிட்ட அரிவாளை எடுக்க வயலுக்குப் போனவள், தன் வாய்மடைக்கு முன்னால் யோசோ குந்தி உட்கார்ந்து பலகையைத் தட்டித் தட்டி அடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். சைக்கிள் வரப்பில் சாய்ந்திருந்தது. அறுந்த வைக்கோல் அவன் பக்கத்தில் கிடந்தது.

“என்ன பண்றீங்க?”

யோசோ எழுந்திருக்கவில்லை. “ரேடியோல சொன்னாங்க. பகல்ல வாய்க்கால் தண்ணிய விடக்கூடாதாம், ஐஸ் மாதிரி இருக்காம். பகல்ல அடைச்சு வச்சா, மேகத்துக்குள்ள வர்ற கொஞ்ச வெளிச்சத்துலயே சூடு புடிக்குமாம். விடியக்காலைல விட்டாப் போதுமாம்.”

“எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

“சொன்னா, ரேடியோக்காரன் யாரு, அவனுக்கு வயல் இருக்கா, அவன் யாருக்கு மச்சான்னு கேப்ப. அதுக்குள்ள அறுப்பே வந்துரும்.”

கினு அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். தன் வயல் குளிர்ந்தது தன் கையால். தொகுஜியின் வயல் சூடாக இருந்தது அவன் கவனத்தால். யோசோ பயந்துபோய், தப்பா அடைச்சுட்டேனா என்று கேட்டான். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

ஆகஸ்ட் முழுவதும் அவள் அதை வயிற்றில் கட்டிய கல் மாதிரி சுமந்தாள். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை தொகுஜி வீட்டு வாசல்வரை போனாள். இரண்டாம் முறை அவன் உள்ளேயிருந்து மகளிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தான். ஞாபகம் சரியில்லை, கை போட்டதைக் கை மறந்துவிடுகிறது, அடுப்பை இப்போதெல்லாம் மூன்று முறை போய்ப் பார்க்கிறேன், அடுத்த வருஷம் வயலை மத்சுயோவிடம் குத்தகைக்கு விட்டுவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். கினு காலடிச் சத்தம் கேட்காமல் திரும்பினாள். மற்றவர்களைச் சந்தேகப்படுவது அவளுக்குப் பழகிய தொழில். ஒரு மனுஷனைத் தன்னையே சந்தேகப்பட வைத்துவிட்டோம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

செப்டம்பரில் ஊர் வயல்களில் பாதிக் கதிர் தலை சாயவே இல்லை. மணி பிடித்தால்தானே சாயும். பச்சையாக, விறைப்பாக நின்றன. மூவரும் சேதம் பார்க்கக் கிளம்பினார்கள். மத்சுயோதான் தலைவன். கினு இரண்டாவது. மூன்றாவது ஆள் ஊர்க் கோடிப் பால்பண்ணைக்காரர், அதிகம் பேசாதவர். அவரவர் வயலை மற்ற இரண்டு பேர் பார்ப்பது வழக்கம். கதிரைப் பறித்து வானத்துக்கு நேராகப் பிடித்தால் போதும். மணி இருந்தால் இருட்டாகத் தெரியும், சாவி என்றால் வெளிச்சம் ஊடுருவும்.

மத்சுயோவின் வயலில் பாதி இருந்தது. கினுவின் வயலிலும் ஏறக்குறைய பாதி. நடுவிலிருந்த தொகுஜியின் வயலில் பறித்த கதிரெல்லாம் கண்ணாடி மாதிரி வெளிச்சம் விட்டது. தொகுஜி வரப்பில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“மேலயும் பாதி, கீழயும் பாதி. நடுவுல மட்டும் ஒண்ணுமில்லன்னா அது குளிர் இல்ல” என்றான் மத்சுயோ, பென்சிலை எடுத்து. “தண்ணி நிறுத்தல. மேகம் பிரிஞ்ச மறுநாள் காலைல நானே பாத்தேன். கவனக்குறைவுன்னுதான் எழுதணும். தப்பா நெனக்காதீங்க, தொகுஜி சான்.”

தொகுஜி தப்பாக நினைக்கவில்லை. என் மறதிதான், எழுதிக்கோங்க என்று குனிந்தான். வழக்கத்தைவிட இரண்டு விரல் அதிகமாகவே குனிந்தான். அதற்குமேல் கினுவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“எழுதாத. பலகைய உருவினது நான்.”

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். மத்சுயோவின் கண் மெல்லச் சுருங்கியது. அந்தப் பார்வை கினுவுக்கு நன்றாகத் தெரியும், அது அவளுடையது.

“பத்து வருஷமா யாருக்கும் ஒரு பிடி விட்டுக் குடுக்காதவ நீ. இன்னிக்கு என்ன திடீர்னு? ரெண்டு பேரும் என்ன பேசி வச்சிருக்கீங்க? வேலிக்கு ஓணான் சாட்சியா?”

பால்பண்ணைக்காரரும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கினு இரக்கப்பட்டுச் சொல்கிறார் போலிருக்கிறது, இரக்கத்துக்குப் படிவத்தில் இடமில்லையே என்றார். வாழ்க்கையில் கினு சொன்ன மிகக் கஷ்டமான உண்மை, அதை நம்ப ஒரு ஆளில்லை. யார் சொல்வதையும் நம்பாதே என்று ஊருக்குக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவள் மேற்சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திருப்பி மத்சுயோவிடம் நீட்டினாள்.

அவன் முதலில் மனசுக்குள் படித்தான். பிறகு, சேதம் பார்க்கும்போது எல்லாவற்றையும் உரக்கப் படிப்பது வழக்கமாதலால், உரக்கப் படித்தான். ஜூலை இருபத்தெட்டு, மாலை ஐந்து நாற்பது. மேற்கே மேகம் விலகுகிறது. தொகுஜி மடையில் நான்கு பலகையும் சரியாக இருக்கிறது, தண்ணீர் ஒரு சாண், இருபத்தொரு டிகிரி. என் தண்ணீர் பதினெட்டு. மேல் இரண்டு பலகையை உருவிக் கல்லின் மேல் வைத்தேன்.

 பால்பண்ணைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கினு வரப்பில் முழங்காலிட்டு, நெற்றி மண்ணில் படக் குனிந்தாள். தொகுஜி என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது, அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று அந்தக் குனிந்த முதுகு சொன்னது. ஊருக்குள் இனி அவளுக்கு என்ன பெயர் என்பதும் அவளுக்குத் தெரியும்.

 தொகுஜி அவள் பக்கம் பார்க்காமல் மத்சுயோவிடம் போனான். நோட்டுக்கு மேலாகக் கழுத்தை நீட்டிக் கேட்டான்.

“நாலு பலகையும் இருந்துச்சுன்னா எழுதியிருக்கு?”

“ஆமா.”

“இருபத்தொண்ணா?”

“இருபத்தொண்ணு. கினு ரெண்டு வெப்பமானில பாத்திருப்பா.”

தொகுஜி தொப்பியைத் தலையில் வைத்தான். நட்டுக்க நின்ற அந்தச் சாவி வயலை ஒருமுறை ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்தான். அவன் கண்ணில் நீர் நின்றது, உதடு மட்டும் சிரித்தது.

“அப்ப நான் போட்டுத்தான் இருந்தேன்” என்றான்.